கிண்ணம் நிறையத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் எதிரில் என்னை ஒருவர் பாராட்டிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மல்லேஸ்வரத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் நான் துணி தேய்ப்பது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது தெரியாது. அதை மட்டும் வாரா வாரம் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் சொல்லாமல் தப்பித்து வந்தேன்.

மூன்றாவது மாடியில் நித்யா இருக்கிறார். கோயம்புத்தூர்ப் பெண். பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. அங்கே காக்கைகள் கொத்திக்கொண்டிருந்த ஒரு பச்சோந்தியைக் காப்பாற்றி எடுத்து வந்தார். கால் ஆறும்வரை வைத்திருங்கள் என்று மிருக டாக்டர் சொன்னாராம். வலைக் கூண்டு, உள்ளே கொய்யாக் கிளை... ராஜ மரியாதை.

அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது கூண்டோடு என்னிடம் வந்தார்.

“எட்டு நாள்தான்ணா. நீங்க பகல் முழுக்க இங்கதானே இருக்கீங்க. எல்லாம் இதுல விவரமா டைப் பண்ணிருக்கேன்.”

இரண்டு பக்கம். முழுக்க இங்கிலீஷ்.

“நீங்க பத்திரிகையில எழுதுறவராச்சே! எங்கம்மா வாரா வாரம் உங்களுதைப் படிக்கிறாங்க. எனக்குத்தான் தமிழ் படிக்க வராதுண்ணா” என்று சிரித்தார்.

பாருங்கள், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! ‘எனக்கு இங்கிலீஷ் வராதும்மா, வாயால சொல்லிட்டுப் போ’ — இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் சொன்னது ஒரே வார்த்தை.

“ஓகேம்மா.”

அன்று மத்தியானம் பேப்பரை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ‘வாட்டர்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. ஏழு இடத்தில் இருந்தது. ஆகா, தண்ணீர் முக்கியம் என்கிறார்கள் என்று ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறைய ஊற்றி உள்ளே வைத்தேன். பக்கத்துக் காலி சைட்டில் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். இரண்டு நாள் தின்றது. மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்கவில்லை. கிண்ணத்தையும்தான்.

நாலாம் நாள் தோல் சுருங்கியிருந்தது. டிசம்பர் குளிர் ஆயிற்றே, நடுங்குகிறது போல என்று கூண்டைத் தூக்கிக் கரி இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த அனலுக்கு என் உதடே வெடிக்கும். என் மூளை அப்படி வேலை செய்தது.

ஐந்தாம் நாள் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டது. கண் இருந்த மேடு, குழியாகிவிட்டது.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி பத்மா கூண்டைப் பார்த்தாள்.

“என்னாங்க இது, வத்தல் மாதிரி ஆயிடுச்சு? அந்தப் பேப்பர்ல என்னா போட்டுருக்குது?”

“தண்ணி வைக்கணுமாம்.”

“ரெண்டு பக்கத்துக்கும் அதேதானா?”

நான் சட்டை காலரைத் தேய்த்தேன். ஏற்கனவே தேய்த்த காலர்.

“பத்தாம் நம்பர் சார் சட்டைதானே அது? குடுக்கும்போது அவர்கிட்டயே கேக்கறது. படிக்கத் தெரியலைன்னு சொன்னா தலையில இருக்கிற கிரீடம் எறங்கிடுமா?”

நாற்பது வீட்டுத் துணி என் கையில் வந்து போகிறது. எல்லாரும் இங்கிலீஷ் படித்தவர்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. அதை விடுங்கள்... பேப்பரின் அடியில் நித்யா போன் நம்பர் எழுதியிருந்தார். எண்கள் எனக்குத் தெரியுமே! எதிரிலேயே எஸ்டிடி பூத். ரோட்டைத் தாண்டவில்லை. ஒரு உயிர் போனாலும் பரவாயில்லை, எழுத்தாளர் பட்டம் போகக் கூடாது. அப்படி நான் நினைக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அதுதான்.

ஆறாம் நாள் காலை. கஞ்சி போட்ட காட்டன் சேலை ஒன்று. ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து அடித்தேன். காற்று திரும்பி, பாதித் தூறல் கூண்டுக்குள் போனது. கொய்யா இலையில் பொட்டுப் பொட்டாக நீர்.

ஒரு கண் திறந்தது.

மெல்ல நகர்ந்து வந்தது. இலை நுனியில் தொங்கிய துளியை நக்கியது. அடுத்த துளி. அடுத்தது. நான் அடிக்க அடிக்கக் குடித்தது. கால் மணி நேரம். சேலை கிடந்தது கிடந்தபடி. நிற்கிற தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே தெரியவில்லை. இலையில் விழுந்தால்தான் தண்ணீர். அந்தப் பாட்டில் ஐந்து நாளும் என் கையில்தான் இருந்தது, அதற்கு ஒரு முழத் தூரத்தில்!

கூண்டை நிழலுக்கு மாற்றினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அடித்தேன். எட்டாம் நாள் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்றது.

ஞாயிறு நித்யா வந்தார். கையில் மைசூர்பாகு. பத்தாம் நம்பர் சார் உட்பட நாலு பேர் துணியோடு நின்றிருந்தார்கள்.

“அண்ணா மாதிரி பொறுப்பான ஆள் கிடையாது! பேப்பர்ல முதல் வரியே அதுதானே எழுதினேன்... கிண்ணத்துல வெச்சா குடிக்காது, இலை மேல ஸ்ப்ரே பண்ணுங்கன்னு. உங்ககிட்ட பாட்டில் இருக்குன்னுதான் உங்ககிட்டயே குடுத்தேன்!”

நான் என்ன சொன்னேன்?

“ஓகேம்மா.”

மைசூர்பாகு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. பத்மாவும் தொடவில்லை.

நித்யாவின் அம்மா, வாரா வாரம் படிப்பீர்களாமே. இதையும் உங்கள் பெண்ணுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தண்ணீர் கேட்க அந்தப் பச்சோந்திக்குத்தான் வாய் இல்லை. எனக்கு என்ன கேடு?