திருமுல்லைவாயில் துரை

என் மாமனார் மனோகரனை எங்கள் தெருவில் இப்போது எல்லோரும் துரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூ விற்கும் பூங்காவனம்தான் முதலில் ஆரம்பித்தாள். "இன்னா தொரை, லண்டனுக்கு எப்போ கப்பலு?" என்று வாசலில் நின்று கேட்டாள். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "டிக்கெட்டு எடுத்துகினு கீறாங்கோ, சொல்லி அனுப்புறேன்" என்றார்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தலைக்குமேல் தொங்கும் டன் கணக்கான இரும்பைக் கோழி முட்டையை வைப்பதுபோல இறக்கி வைப்பாராம். வீட்டில் மட்டும் ஒரு கண்ணாடி டம்ளரை உடைக்காமல் கழுவத் தெரியாது. மாமியார் இறந்தபிறகு நானும் என் மனைவி மோகனப்பிரியாவும் திருமுல்லைவாயிலுக்கு வந்து அவரோடு சேர்ந்துகொண்டோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவன். காலையில் நான் கிளம்பும்போது வண்டியைத் துடைத்து வைத்திருப்பார். வேண்டாம் என்றால், "நீங்க போங்க மாப்ள, எனக்கு வேற இன்னா வேலை?" என்பார்.

அவருக்குத் துரைப் பட்டம் வந்த கதை எங்கள் மகள் லாவண்யாவிடமிருந்து தொடங்குகிறது. அவள் மான்செஸ்டரில் நர்ஸ். கணவனும் அங்கேதான். போன வருஷம் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் மோகனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுற்றுலா விசாவில் போனால் ஆறு மாதத்தில் திரும்ப வேண்டும். குழந்தை நடக்கிற வரைக்குமாவது கூட இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்போதுதான் என்னோடு வேலை செய்யும் உத்தமன் ஒரு யோசனை சொன்னான்.

"உன் மாமனாரு பினாங்குல பொறந்தவர்தானே? அப்போ அது வெள்ளைக்காரன் காலனிடா. அப்படிப் பொறந்தவங்க பிள்ளைங்க பிரிட்டிஷ் குடியுரிமை கேக்கலாமாம். விசாரிச்சுப் பாரு."

மாமா பினாங்கில் பிறந்தவர் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய அப்பா முனியன் இந்தத் திருமுல்லைவாயிலில் ஏர் பிடித்த குடும்பம். பினாங்குத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். மாமாவின் அம்மா அங்கேயே இறந்துவிட்டார். மாமாவுக்கு ஒன்பது வயதானபோது முனியன் அவரைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

அண்ணாநகரில் இதற்கென்று ஆலோசனை சொல்லும் ஷோபனா என்ற அம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "முதல்ல அப்பாவோட பிறப்புப் பதிவு நகல் வேணும். அங்கேயே யாராவது போய் வாங்கினா சுலபம். சொந்தக்காரங்க இருக்காங்களா சார்?"

மாமா மேலே மின்விசிறியைப் பார்த்தார். "யாரும் இல்லீங்க" என்றார்.

அடுத்த நாள் மாமா டீக்கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மோகனா பின்பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமா போய் எதிரே குந்தினார்.

"அங்க எனக்கு ஒரு அக்கா கீறா."

மோகனாவின் கை நின்றது. "எந்த அக்கா?"

"கூடப் பொறந்த அக்காதான். அன்னம்மா."

நானும் குழாயடியிலிருந்து வந்து நின்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் செதில்களைப் பார்த்தபடியே சொன்னார். அன்னம்மாள் அவரைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா போனபிறகு அவருக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி வளர்த்தவள் அவள்தான். தள்ளுவண்டியில் மீ என்கிற நூடுல்ஸ் போட்டு விற்கும் ஒரு சீனப் பையனை அவள் கட்டிக்கொண்டாள். முனியனால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த கப்பலுக்கே மகனை இழுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"அக்கா துறைமுகத்துக்கு வந்துச்சு. பேரு சொல்லி கூப்புட்டுச்சு. எங்கப்பா என் மூஞ்சிய அவரு இடுப்போட வெச்சி அழுத்திகினாரு. அவரு வேட்டி வாசனைதான் ஞாபகம் கீது. அக்காவப் பாக்கவே இல்ல. கப்பலு நகந்தப்புறம், 'இனிமே உனக்கு அக்கா இல்ல'ன்னாரு."

"தாத்தா செத்தப்புறமாவது தேடியிருக்கலாமே நைனா?"

"தேடலாம்னுதான் இருந்தேன், இருந்தேன்... அப்புறம் வேலை, கல்யாணம், நீ பொறந்தே. நாளாக நாளாக வெக்கமாப் போச்சு. இன்னான்னு சொல்லிகினு போய் நிக்கிறது?"

மோகனா எழுந்து கையைக் கழுவினாள். "எனக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினப்போ அத்தை இல்லன்னு பக்கத்து ஊட்டு கன்னியம்மாவ நிக்க வெச்சீங்க. எனக்கு சொந்தமா ஒரு அத்தை இருந்திருக்கு. வாயத் தொறந்தீங்களா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று மீன்குழம்பு நான்தான் வைத்தேன். உப்பு கூடிப்போனது. மாமா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

சாயங்காலமே மோகனா கைபேசியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பினாங்குத் தமிழர்களின் முகநூல் குழுவொன்றைக் கண்டுபிடித்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். முனியன் மகள் அன்னம்மாள், சீனரைக் கட்டியவர், மீ வியாபாரம், தம்பி பெயர் மனோகரன். சில நாள் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து பதில் வந்தது: "இது என் அம்மா. நீங்கள் யார்?"

பேசுவதென்று முடிவான காலையில் மாமா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு காத்திருந்தார். திரையில் ஒல்லியான ஒரு முகம் வந்தது. குட்டையாக வெட்டிய நரைமுடி, பூப்போட்ட சட்டை. அந்த முகம் கிட்டே வந்து கிட்டே வந்து எங்களைப் பார்த்தது.

"என்னடா மனோ, முடியெல்லாம் எங்கடா போச்சு?"

மாமா "அக்கா" என்றார். தோள் குலுங்கியது.

"அழாதலா. சாப்பிட்டியா?" என்று பினாங்குத் தமிழில் கேட்டாள் அந்த அம்மாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தம்பியைத் தேற்றிப் பழகியவள் என்பது அப்போது தெரிந்தது. மெதுவாக அவர் அடங்கியதும் கேட்டாள்: "கப்பலு மறையிற வரைக்கும் நான் கை காட்டிட்டே நின்னேன்டா. பாத்தியா?"

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாத்தேன் அக்கா" என்றார்.

மோகனா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறப்புப் பதிவு நகலை அன்னம்மாளின் மகள் வாங்கி அனுப்பினாள். தெருவே எதிர்பார்த்திருந்தது. மறுபடி ஷோபனாவிடம் போனோம். இந்த முறை அவர் முகத்திலேயே விஷயம் தெரிந்தது.

"லண்டன் வக்கீல்கிட்ட கேட்டுட்டேன் சார். உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் ஒருவகை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்க வழி இருக்கு. ஆனா அது முழுக் குடியுரிமை இல்ல. அதை வெச்சு அந்த நாட்டுல குடியிருக்க உரிமை கிடையாது. அதை எடுத்தா இந்தியக் குடியுரிமையும் போயிடும்."

மாமா சற்று யோசித்தார். "தாலி கட்டுவானாம், ஊட்டுக்குள்ள சேத்துக்கமாட்டானாம். அப்படித்தானேம்மா?"

ஷோபனா சிரித்துவிட்டார். மோகனாவால் சிரிக்க முடியவில்லை. ஆட்டோவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா அவள் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். "உடும்மா. ஆறு மாசம்னா ஆறு மாசம். போய் புள்ளையப் பாத்துட்டு வா. திரும்பி வந்து மறுபடியும் போ. வெள்ளைக்காரன் கேட்டு வழியா போய் வந்துகினே இரு." கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாப்ள, நம்ம நாட்டு பாஸ்போர்ட்டு எனக்குக் குடுப்பாங்களா, இந்த வயசுல?"

கொடுத்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு அக்கா கதை முழுவதையும் சொல்லி, இரண்டு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார். மோகனா அவரைப் பினாங்குக்குக் கூட்டிப்போனாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்திருந்த அன்னம்மாள், குனிந்த தம்பியின் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாளாம். அவள் கணவர் இறந்து பல வருஷமாகிவிட்டது. கடையை மகன் நடத்துகிறான். அங்கே இருந்த ஒரு மாதமும் மாமாவுக்குக் காலையில் மீதான். மோகனாவுக்கு அத்தை ஒரு ஜோடி ஜிமிக்கி போட்டு அனுப்பினாள். மஞ்சத்தண்ணிச் சீர் என்று சொன்னாளாம்.

அங்கிருந்து வந்ததும் மோகனா மான்செஸ்டர் போய் ஆறு மாதம் இருந்து பேரனைக் குளிப்பாட்டிவிட்டு வந்தாள். அடுத்த முறைக்கு இப்போதே விண்ணப்பம் தயார் செய்கிறாள்.

தை மாதம் அன்னம்மாள் இங்கே வருகிறாள். அவளுக்கு முட்டி மடங்காது என்பதால் வீட்டில் உட்காரும் கழிப்பறை கட்டுகிறோம். மாமாதான் மேஸ்திரி ஜானகிராமனை விரட்டுகிறார். நேற்று தரைக்கு வழுவழுப்பான ஓடுகளைக் கொண்டுவந்து இறக்கியதற்குப் பெரிய சண்டை.

"எங்கக்கா வழுக்கி உழுந்தா நீ தூக்குவியா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் வண்டியில் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டார். பிறகு சொரசொரப்பான ஓடுகளில் ஒவ்வொன்றாக வெறுங்காலை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.