மாநிலத்தில் தோற்று ஊர்ச் சபைக்கு நின்றவர்

எனக்குக் கோவையாக எழுத வராது, பலதும் மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் பலெர்மோ நகரம், கபோ சந்தை. கடைக்காரி சிவமதி எனக்குக் கத்தரிக்காய் நிறுக்கிறாள். நகரசபையின் வெளிநாட்டவர் குழுத் தேர்தலில் போனமுறை தோற்றவள். மறுபடி நிற்க இன்றைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

"திரும்பவும் தோத்தால் சனம் சிரிக்கும், அம்மா."

நான் அவுஸ்திரேலியாவில் மெல்பேணிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவள். கூச்சத்தோடு சொல்கிறேன்: "எங்கடை பக்கத்து எம்.பி. மாநிலப் பாராளுமன்றத் தேர்தலிலை தோத்தாப்பிறகு ஊர்ச் சபைக்கு நிண்டவர். குப்பை ஒழுங்கா எடுக்கிறாங்களோ எண்டு கேட்டு என்ரை வாசலுக்கும் வந்தவர்."

"பெரிய கதிரையிலை இருந்திட்டுக் குப்பைக்கோ? வெக்கமில்லாத மனிசன்!" சிரிக்கிறாள். "வெண்டவரோ?"

"மறந்துபோச்சு, பிள்ளை."

"அப்ப நான் நிண்டு பாத்துச் சொல்லுறன்." தராசைக் கணவரிடம் விட்டுவிட்டுப் பெயர் கொடுக்கப் போகிறாள்.

அந்த எம்.பி. வென்றாரா என்று தெரிந்தவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள். தோற்றிருந்தால் எனக்கு மட்டும் சொன்னால் போதும்.