ரிஜெக்ட் சிலிப்பில் என் கையெழுத்து

என் பொண்டாட்டி புஷ்பாவுக்கு ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில ஒரு பட்டப்பேரு உண்டு: ரிஜெக்ட் புஷ்பா. முப்பத்தொரு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தா. இரும்புத் தகடு வந்தா, அதுல அடிச்சிருக்கிற நம்பரும் கூட வந்த சர்டிஃபிகேட்டுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பார்ப்பா. ஒரு எழுத்து மாறினாலும் சிவப்புப் பென்சிலால 'ரிஜெக்ட்'னு எழுதிடுவா. அந்தச் சிலிப்புல உற்பத்திப் பக்கத்து ஆளும் கையெழுத்துப் போடணும். அந்த ஆள் வேற யாரு, இந்தத் தண்டபாணிதான்! ஒரு தடவைகூட சண்டை போடாம நான் போட்டதில்ல. சாயங்காலம் ஒரே கம்பெனி பஸ்ல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வீடு வருவோம்.

ரெண்டு பேரும் ரிட்டயர் ஆனோம். போன மாசம் அமீர்பேட்டுல ஒரு ஹோட்டல்ல கூட்டம். கடல் தாண்டி ஒரு தீவு, அலையடிக்கிற இடத்துலயே வில்லா, வாடகை கொட்டோ கொட்டுன்னு கொட்டும்னாங்க. எங்க டவுன்ஷிப்புல பன்னிரண்டு குடும்பம் வாங்கக் கிளம்பிட்டோம். என் பி.எஃப்., அவ பி.எஃப். ரெண்டையும் போடறதா வாக்குக் குடுத்துட்டேன். அவளைக் கேக்காமத்தான்.

விற்பனைக்காரன் ஸ்ரீகாந்த் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரமும், சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம்னு ஒரு நகலும் ஆளுக்கொண்ணு குடுத்தான். ஃபைல் நம்பர், தேதி, வட்ட சீல். எங்களுக்கு அது போதாதா! சர்க்கார் கம்பெனியில காலம் தள்ளினவங்க, வட்ட சீலைப் பார்த்தா அப்புறம் படிக்கவே மாட்டோம்.

வீட்டுக்கு வந்து பெருமையா நீட்டினேன். புஷ்பா பத்திரத்தையும் கடிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா.

"ஏனுங்க, பத்திரத்துல எல்லா வில்லாவும் வர்ற மனை நம்பர் நாற்பத்தொண்ணு. அனுமதி நாற்பத்தேழுக்கு இருக்குது."

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும், விடு."

"தகடு விஷயத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இவளுக்கு வேற வேலையே இல்லையான்னு கத்தினேன். அவ கண்டுக்கவே இல்ல. அந்தத் தீவோட சுற்றுச்சூழல் ஆபீசுக்கு மெயில் போட்டா.

சனிக்கிழமை அதே ஹோட்டல்ல கையெழுத்து. நான் பேனாவைத் திறந்துட்டேன். புஷ்பா எழுந்து, வந்த பதிலைச் சத்தமா படிச்சா: நாற்பத்தேழு கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஊருக்குள்ளே தள்ளி இருக்கு. நாற்பத்தொண்ணு ஆமை முட்டையிடற கரை. அங்க கட்ட அனுமதி கிடையாது. கட்டினா இடிப்போம்.

ஸ்ரீகாந்துக்கு வேர்த்துடுச்சு. "அப்ளை பண்ணியிருக்கோம் மேடம், வந்துடும்."

"வரட்டும் தம்பி. இல்லாத அனுமதிக்கு இருக்கிற பணத்தைக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நக்கோ பா, நக்கோ! வேணவே வேணாம்!"ன்னு பக்கத்து வீட்டு அனுபமா கத்தினாங்க. ஹாலே சிரிச்சுது.

புஷ்பா கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தா. எங்க பத்திரத்துல குறுக்கே 'ரிஜெக்ட்'னு எழுதி என் பக்கம் தள்ளினா. சண்டை போடாம கீழே கையெழுத்துப் போட்டேன். வாழ்க்கையில முதல் தடவை! அவ்வளவு பெருமை எனக்கு.

நிமிர்ந்து பார்த்தா, மீதிப் பதினோரு குடும்பமும் பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு அவ முன்னாடி வரிசையில நிக்குது.