கார்த்திகையன்று ஏரிக்கு மேல் பறந்தது

எங்கள் வீட்டுக்கு விமானப்படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சொந்தக்காரர்களே வர யோசிக்கிற வீடு. "வானத்தில் ஏதோ பார்த்ததாக எழுதியிருந்தீர்களே" என்று மூத்தவர் மூச்சு வாங்க இந்தியில் கேட்டார். அப்பா எழுதியிருக்கிறார் என்பதே எனக்கும் அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும்.

அப்பா ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. யாரையும் நம்பாமலிருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பறக்கும் தட்டு. ஒரு காலத்தில் வெளிநாட்டு ராணுவங்கள் சாதாரண ஜனங்களின் வீடு தேடிப்போய், என்ன பார்த்தாய், எந்தப் பக்கம் போயிற்று என்று விசாரித்த கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரும்பாலும் பலூன் என்றோ சுக்கிரன் என்றோ முடித்துவிடுவார்களாம். "அவாளாவது ஆளை அனுப்பிக் கேட்டா" என்று பெருமூச்சு விடுவார். "உங்களை யாரு கேக்கப்போறா?" என்பாள் அம்மா.

கொஞ்ச நாளாகவே அவர் சரியாக இல்லை. ஏரிக்கரை நடையை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போதும் பேச்சில்லை. பெரியப்பா கடைசிக் காலத்தில் இல்லாததையெல்லாம் பார்த்தவர். அவருக்கும் இப்படித்தான் பேச்சு குறைந்தது.

வந்தவர்களிடம் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம். ஆரஞ்சு நிற வெளிச்சம். சத்தமே இல்லை. நேரே மேலே ஏறி, ஜாதவ்பூர் பக்கம் திரும்பி, அணைந்துவிட்டது. கூட நடந்த வங்காளிகள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை. "தாதா, கண் டாக்டரைப் பாருங்க" என்று சிரித்தார்களாம்.

பொரி உருண்டைத் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றாள். எனக்கும் புரிந்துவிட்டது. ஐயோ ராமா!

காளி பூஜைக்கு இங்கே ஃபானுஷ் விடுவார்கள். காகிதக் கூண்டுக்குள் திரி கொளுத்தினால் வானத்தில் ஏறும். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி மாமி மிஞ்சிப்போன ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தாள். கார்த்திகையன்று மொட்டைமாடியில் அகல் வைத்தபோது அம்மாவுக்கு ஒரு யோசனை. "திருவண்ணாமலையில மலை மேல ஏத்தறா. இந்த ஊர்ல ஒரு மேடு உண்டா? இதை விட்டுடுவோம், மேலே போய் எரியட்டும்." விட்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டோம். காளி பூஜையன்றாக இருந்தால் அப்பா அதைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்.

"வேறு யாராவது பார்த்தார்களா?" என்றார் அதிகாரி.

அப்பா தரையைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

"நான் பார்த்தேன்" என்றாள், தன் ஓட்டை இந்தியில். அப்பா சொன்ன எதற்கும் அவள் ஆமாம் போட்டு நான் கேட்டதேயில்லை. "இவர் சொன்னது அத்தனையும் சரி. ஆரஞ்சு கலர்தான். சத்தம் இல்லை. ஜாதவ்பூர் பக்கம்தான் போச்சு."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அது என்னவாக இருக்கும் என்று அதிகாரி கேட்டார். "அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்க வந்திருக்கேள்?" என்று தட்டை நீட்டினாள். ஆளுக்கு இரண்டு உருண்டை சாப்பிட்டார்கள். அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் அப்பா அம்மாவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தேன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதாடி? அண்ணாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுத்துன்னு இத்தனை நாளா நான் தூங்கலை."