பாஸ் மீனும் அப்பாவின் லைசன்சும்

இந்த நாட்டில் மீனைப் பிடிக்கிறவர்கள் அதைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பக்கத்து வீட்டு டேவ் நெஞ்சுவரை ஏறும் ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவார். பாதத்தைத் தூக்காமல், கல்லைத் தடவித் தடவி நகர்வார். ஒரு மணி நேரம் தூண்டில் வீசினால் ஒரு ஸ்மால்மவுத் பாஸ் மாட்டும். வெண்கல நிறம், முதுகில் முள், ஆள் கையளவுதான் இருக்கும், ஆனால் இழுக்கிற இழுப்பில் தோள் வலிக்கும். கையை நனைத்துக்கொண்டுதான் அதைத் தொடுவார். படம் எடுத்ததும் தண்ணீருக்குள் விட்டுவிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் மீன் பிடிப்பாயா என்று கேட்டார். எங்களை மீன் பிடிக்க விடமாட்டார்கள் என்றேன். "நல்ல விஷயம், மீன்களைக் காப்பாற்றுகிறீர்கள்" என்று பாராட்டினார். நானும் தலையாட்டி வைத்தேன்.

அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வேலை செய்த தேயிலைத் தோட்டம் நுவரெலியாவுக்கு மேலே, குளிர் கூடிய பக்கம். தேயிலைக்கு நடுவே ஓடும் ஓடையில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் இருந்தன. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், மீனும் சட்டமும் போகவில்லை. தோட்டத்தை நடத்தும் தொரையும் அவருடைய விருந்தாளிகளும் பிடிக்கலாம். நாங்கள் அந்தத் தண்ணீரில் துணி துவைக்கலாம், குளிக்கலாம், மீனைப் பார்க்கலாம். காவலுக்கு ஒரு வாச்சர் இருந்தார். எனக்குக் காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடந்த ஒரு மழைக்காலத்தில், அப்பா குண்டூசியை வளைத்து மண்புழு கோத்து ஒரு மீனைப் பிடித்தார். நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து சேருமுன் வாச்சர் அவரைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடத்தில், கடைசிப் பேர் முடியும்வரை அந்த மீனை அவர் கையாலேயே தூக்கிப் பிடித்தபடி நிற்க வைத்தார், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. அம்மா கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்றார். இரண்டு வாரம் அப்பாவுக்கு வேலை தரவில்லை. அதற்குப் பிறகு அவர் குளிக்கக்கூட அந்த ஓடைக்குப் போகவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் போன வருடம் அப்பாவுக்கு விசிட்டர் விசா கிடைத்ததும் எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. இந்த மனிதர் ஒரு தடவையாவது யாருக்கும் பயப்படாமல் தூண்டில் வீசி ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். அவர் வந்தது இந்த வருடம் மே மாதம். பனி உருகி ஆறு கலங்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. கூட்டிப்போய்க் காட்டினேன். இப்போது பாஸ் முட்டையிடும் காலம், ஜூன் கடைசிவரை பிடிக்கக் கூடாது, மீனின் நல்லதுக்குத்தான் சட்டம் என்று விளக்கினேன்.

"அங்கயும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

ஜூலையில் தண்ணீர் இறங்கி, கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. அப்பா பேரில் ஒரு மீன்பிடி லைசன்ஸ் வாங்கி, அவர் சட்டைப்பையில் நானே வைத்தேன். அவர் கரையை விட்டு இறங்கவில்லை. "யாருகிட்ட கேட்டு எறங்குன?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு பாஸைப் பிடித்துக் கொண்டுவந்து, "புடிங்கப்பா" என்று அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. அப்போது மேலே சாலையில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பச்சைச் சட்டை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. மீன்பிடிச் சட்டத்தைக் கவனிக்கும் ஆபீசர் இறங்கி வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றார். யாரும் கேட்காமலே மீனை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"மாத்தயா, மம தமய் எல்லுவே. புத்தா நெமெய்."

ஐயா, நான்தான் பிடித்தேன், மகன் இல்லை. சீருடை போட்டவரிடம் சிங்களத்தில் பேச வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே படிந்த பழக்கம். கனடாக்காரருக்கும் அதே மொழிதான் என்று அவர் வாய் முடிவு செய்துவிட்டது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆபீசர் லைசன்ஸ் கேட்டார். என்னுடையதைக் காட்டிவிட்டு, அப்பாவின் பையிலிருந்து அவருடையதையும் எடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். மீனைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு ஏறிப் போனார்.

"என்னவாம்?"

"அழகான மீன் சார்னு சொல்லிட்டுப் போறாரு."

"யார சாருங்குறாரு?"

"உங்களத்தாம்ப்பா."

அப்பா அதை நம்பவில்லை. "மொத இத தண்ணியில விடு" என்று மீனை என்னிடம் நீட்டினார். தூண்டிலை அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். பத்திரம் இருக்கிறது, அதில் பேர் இருக்கிறது, இனி யாரும் எதுவும் கேட்க முடியாது என்று கெஞ்சினேன்.

"நீ புடி. யாரும் வந்தா நான் சொல்றேன்."

ஆற்றுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். நான் மேலும் மூன்று மீன் பிடித்தேன். ஒன்றையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஊருக்குப் போய்விட்டார். இப்போது இலை நிறம் மாறி, தண்ணீர் ரப்பர் காற்சட்டையைத் தாண்டிக் குளிர்கிறது. பாஸ் ஆழமான குழிகளில் கூடும் காலம் இது, வருடத்தில் இதைவிட நல்ல பிடி இல்லை என்பார் டேவ். போனில் அப்பா மீனைப் பற்றிக் கேட்பதில்லை. "யாரும் வந்தாங்களா?" என்றுதான் கேட்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு நான் ஆற்றுக்குப் போகிறேன். நாலு தடவை வீசுவதற்குள் கழுத்து தானாகப் பின்னால் திரும்பிவிடுகிறது.

போன சனிக்கிழமை டேவ் அதைக் கவனித்துவிட்டார். அங்கே என்ன பார்க்கிறாய் என்றார். யாரும் வருகிறார்களா என்று பார்க்கிறேன் என்றேன்.

"யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

தூண்டில் நரம்பை ஒரு மீன் பிடித்து இழுத்தது. நான் சாலையைப் பார்த்தபடியே அதைச் சுற்றி இழுத்தேன்.