எஃகில் ஏறிய சூடு

பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தபோது நான் விடுமுறைக்கு வந்து தேன்கனிக்கோட்டை வீட்டில் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு போய் அப்பாவிடம் சொன்னேன். அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் முதல் ஷிஃப்ட் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். தேன்கனிக்கோட்டையில் கிளம்பி, வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஓசூர் தொழிற்பேட்டையில் இறக்கிவிடுவார். நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் எம்.எஸ். சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஊரின் பெயர் அப்பாவின் வாயில் நுழையவே இல்லை. யாராவது கேட்டால் "ஜெர்மனில ஒரு பக்கம்" என்று சொல்லிச் சமாளிப்பார். இப்போது இடம் தந்திருந்த பல்கலைக்கழகமோ பெங்களூரில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் தெரியும். மாறினால் ஒரு செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும், விசா தாள்களையும் மாற்ற வேண்டும். அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சேர்கிறேன் என்று நான் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். விஜயதசமிக்கு மறுநாள் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

நான் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். பெயருக்காகத்தான் மாறுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் நான் விண்ணப்பித்தது வெட்கத்தால்.

ஜெர்மனிக்குப் போவதற்கு முன் ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே ஒரு மரப்பெட்டியில் ஸ்லிப் கேஜ் என்ற எஃகுக் கட்டைகள் இருக்கும். கண்ணாடிபோல இழைத்த சின்னச் சின்னக் கட்டைகள். மற்ற அளவுகோல்கள் எல்லாம் சரியா என்று பார்க்க அவற்றைத்தான் எடுப்போம். வெறுங்கையால் தொடக் கூடாது, கையுறை கட்டாயம். ஆனால் காலையில் வந்ததும் மூடிய பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவோம். லேத் ஓட்டுபவர் லேத்தைத் தொட்டுக் கும்பிடுகிறார், அப்பா ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடுகிறார், நாங்கள் பெட்டியைக் கும்பிட்டோம்.

அந்தச் சின்ன ஊரின் ஆய்வகம் தரைக்கு அடியில் இருக்கிறது. மழை, வெயில், லாரி அதிர்வு எதுவும் உள்ளே வராது. இரவும் பகலும் ஒரே குளிர், இருபது டிகிரி. அங்கே ஒரு தாய்க் கட்டை இருந்தது. அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளின் கட்டைகள் எல்லாம் அதனோடு ஒப்பிடத்தான் வரும். கறுப்பு வெல்வெட் துணிமேல் அது தனியாக இருந்தது. மூடி இல்லை. அதை அளந்து பார்க்க என் முறை வந்தபோது முன்னால் போய் நின்றேன். கையுறை மேசைமேல் இருந்தது. என் கை என்னைக் கேட்காமலே போய்க் கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடி, ஒரு சின்ன வேண்டுதலை முடித்து, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பார்க்கிறேன், அறையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் ஒருவன் சிரித்தான். "இது உன் சாமியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எனக்குக் காது மடல் சுட்டது.

பேராசிரியர் அம்மா திட்டவில்லை. கையுறை போட்டு, கட்டையைத் துடைத்து, கருவிக்கு அடியில் வைத்தார். நேர்கோடுகளாகத் தெரிய வேண்டிய ஒளிக்கோடுகள் திரையில் வில்லாக வளைந்து கிடந்தன. "பாருங்கள், இது உங்கள் கை" என்றார். அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, கோடுகள் நிமிரும்வரை எங்களை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டேன்.

ஆயுத பூஜைக்குப் பழைய கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாசலில் வாழைக்கன்று. இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் மட்டும் வழக்கம்போலத் தகராறு. அங்கே என் சீனியராக இருந்த அக்கா, வீட்டில் தெலுங்கு பேசுபவர், புதுப் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அளவு பாக்கற கிரானைட் கல்லு மேல பொட்டு வெக்காதீங்கடி! பேப்பர்ல வெச்சி பக்கத்துல ஒட்டுங்க."

"கேஜையும் ஏன்க்கா தொடக் கூடாது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"துரு புடிக்கும். அவ்ளோதான்."

"இன்னொன்னும் இருக்குதுக்கா" என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

மைக்ரோமீட்டரின் முகம் தட்டையா என்று பார்க்க அந்த அறையில் ஒரு கண்ணாடி வில்லையும் மஞ்சள் விளக்கும் உண்டு. வில்லையை வைத்தால் கோடுகள் தெரியும், எண்ணி எழுதுவோம். பதினைந்து வருடமாக அக்கா எண்ணிக்கொண்டிருக்கிறார். பழசாகி ஒதுக்கிவைத்த ஒரு ஸ்லிப் கேஜை நான் எடுத்து, அதன்மேல் வில்லையை வைத்து, விளக்கைப் போட்டேன். கோடுகள் வரிசையாக, நேராக நின்றன.

"கையுறையைக் கழட்டுங்கக்கா. கட்டையோட ஓரத்துல விரல வெச்சிக்கோங்க. அமுக்க வேணாம்."

அக்கா பயந்து பயந்து விரலை வைத்தார். பத்து எண்ணுவதற்குள் கோடுகள் அசைந்தன. தண்ணீருக்குள் தெரிவதுபோல ஒவ்வொன்றாக வளைந்தன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் இருக்கும் உயரம், ஒரு தலைமுடியை இருநூறாகப் பிளந்தால் வரும் பருமன்தான். அவ்வளவு மேடு அக்காவின் விரல் சூடு பட்டு எஃகில் எழும்பியிருந்தது.

"தேவுடா! நம்ம சூடா இது?" என்றார் அக்கா. விரலை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு பெண்ணும் விரல் வைத்துப் பார்க்க வரிசையில் நின்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சில மாதம் முன்னால் ஆய்வகத் திரையில் வந்ததும் இதேதான். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு, எவ்வளவு பெரிய காட்சியைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்! ஒரு வேண்டுதல் நேரம் தொட்டதை அந்தக் கட்டை ஒரு மணி நேரம் வைத்திருந்திருக்கிறது. ஒருவன் சிரித்தான் என்று அந்த அறையையே விட்டு ஓடப் பார்த்தேனே என்று என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

பஸ்ஸுக்குப் பூஜை முடித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு அப்பா பொரிப் பொட்டலத்துடன் உள்ளே வந்தார். அக்கா அவரையும் விடவில்லை. காய்த்துப்போன ஆள்காட்டி விரலை அப்பா கட்டை ஓரத்தில் வைத்தார். கோடுகள் வளைந்தன.

"நான் அமுக்கலியே பாப்பா. சும்மாதான் தொட்டேன்."

"சும்மா தொட்டாலே போதும்ப்பா."

கோடுகள் மெல்ல நிமிர்வதை அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொரிப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

"எவ்ளோ சூடு ஏறுச்சி, எவ்ளோ நீண்டுச்சின்னு சொல்ல முடியுமா?"

"இங்க முடியாது. அங்க முடியும்."

"அந்தப் பெரிய காலேஜ்லயா?"

"இல்லப்பா. அங்க இந்த மாதிரி ரூம் இல்ல. இப்ப படிக்கற சின்னதுல."

அப்பா பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் பொரி கொடுக்கத் தொடங்கினார். பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகப்போவதில்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் பஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? விஜயதசமி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். வாய் வரவில்லை.

அவகாசத்தின் கடைசி நாள் காலை, அக்காவிடம் விடைபெற்று வருகிறேன் என்று சொல்லி அப்பாவின் பஸ்ஸிலேயே ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். போனில் பதில் எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் வயதான ஃபிட்டர் ஒருவர் ஏறினார்.

"என்னா பாப்பா, பெரிய காலேஜாமே! எப்பக் கெளம்பற?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பெருசுக்குப் போவலீங்க. பழைய எடந்தான்."

"அட, ஏங்க?"

"சின்னதுதான். ஆனா அங்க நம்ம கை சூட்டையே அளக்கறாங்க. நானே தொட்டுப் பாத்தேன்."

"கை சூட்டையா? எந்த ஊருங்க அது?"

அப்பா கியரை மாற்றினார். பிறகு அந்த ஊரின் பெயரை, நிறுத்தி நிறுத்தி, முழுசாகச் சொன்னார். எப்போது யாரிடம் கேட்டுப் பழகினாரோ தெரியாது. ஒரு எழுத்துதான் தப்பு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரவில்லை என்று எழுதி வைத்திருந்த பதிலை அனுப்பிவிட்டு, போனைப் பையில் போட்டேன்.