ஜாக்கிக்குப் பசிக்கவில்லை

அண்ணனின் டயர்க் கடையில் அவளுக்கு, வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியின் பெயரை வைத்தவர்கள் லாரி ஓட்டுநர்கள். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாக உருட்டி வந்து சுவரில் சாய்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? தோள் கயிறு முறுக்கின மாதிரி இருக்கும். கையெல்லாம் நரம்பு புடைத்து நிற்கும். "எந்த ஜிம்முக்குப் போறீங்கக்கா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "இதோ, இந்த ஜிம்முதான்" என்று ரிம்மைத் தட்டிக் காட்டுவாள். உண்மை என்னவென்றால், பிறந்ததிலிருந்தே அவள் உடம்பில் கொழுப்பு என்று ஒன்று சேர்ந்ததே கிடையாது. கன்னத்தில்கூடக் கிள்ளி எடுக்க ஒன்றும் இருக்காது.

ஆனால் சாப்பாடு? அம்மாடியோ! அண்ணி சுடுகிற ரொட்டியில் பாதி அவளுக்கே போகும். கடையைத் திறந்து முதல் பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள் வயிறு மறுபடியும் கூப்பாடு போடும். அண்ணன் கண்ணில் படாமலிருக்க, அடுக்கி வைத்த டயர்களுக்குள் பிஸ்கட் பாக்கெட்டை ஒளித்து வைப்பாள். ஒருமுறை அந்த டயரையே அண்ணன் ஒரு காருக்கு மாட்டிக் காற்றும் அடித்து அனுப்பிவிட்டான். அந்த மனுஷர் அரை மணியில் திரும்பி வந்து, "சக்கரத்துக்குள்ள என்னமோ கரகரங்குதே" என்றார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே பிஸ்கட் தூள். அவர் சிரித்தார், அண்ணன் சிரிக்கவில்லை.

பாவம், அண்ணி பாடுதான் திண்டாட்டம். "நாத்தனாருக்குச் சோறு கீறு போடறியா?" என்று தெருவே ஜாடையாகக் கேட்டது. மானம் போகிறதே என்று வெண்ணெயும் எண்ணெயுமாக வாரி ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பாளா? "நாலு பேர் சாப்பாட்டை முழுங்கிட்டுக் குச்சி மாதிரி நிக்கிறியே, எங்கதான்டி போகுது? வெக்கமா இல்ல?" கடைசியில் சமையலறை அலமாரிக்குப் பூட்டே போட்டுவிட்டாள்.

ஜாக்கி சிரித்து மழுப்புவாள். உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்னும். இன்றைக்கு எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது நாமும் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு நாளும் தட்டின் முன் உட்காருவாள். எழுந்ததே இல்லை.

முப்பது வயது ஆவதற்குள் சர்க்கரை வியாதி வந்தது. வயிறு மட்டும் தனியாக உப்பிக்கொண்டு நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் கூடப் போனாள். எடுத்த ரத்தம் குழாயில் சற்று நேரம் நின்றதும் மேலே வெள்ளை வெளேரென்று ஒரு படலம் மிதந்தது. அண்ணி அலறிவிட்டாள். "என்னடி இது, ரத்தமா பாலா?"

"கொழுப்பு" என்றார் டாக்டரம்மா. "நமக்கெல்லாம் அதைச் சேர்த்து வைக்கத் தோலுக்கு அடியில இடம் இருக்கு. இவங்களுக்கு அந்த இடமே இல்ல. ஸ்டோர் ரூம் இல்லாத வீட்டுல மூட்டை எங்க போகும்? கட்டில் மேல ஏறும், அடுப்படியில ஏறும். அப்படித்தான் கல்லீரல்ல, சதையில, ரத்தத்துலன்னு போய் அடைச்சிருக்கு. சர்க்கரையும் அதனாலதான். இப்படியே விட்டா கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாயிடும்."

"சரிங்க, அதுக்கு இவ்வளவு பசி எதுக்கு?" என்று கேட்டாள் அண்ணி.

"லெப்டின்னு ஒரு ஹார்மோன் இருக்கு. கொழுப்புலேருந்துதான் அது வரும். உடம்புல கையிருப்பு இருக்குன்னு மூளைக்குப் போய்ச் சொல்றது அதுதான். இவங்ககிட்ட கொழுப்பே இல்ல, அப்புறம் யார் போய்ச் சொல்றது? எவ்வளவு சாப்பிட்டாலும் பட்டினி கிடக்கிறதாத்தான் மூளை நினைக்கும்."

அண்ணி பலமாகத் தலையாட்டினாள். டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அந்த ஹார்மோனையே தினமும் ஊசியாகப் போடச் சொன்னார்கள். எண்ணெய், வெண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். லாரிச் சக்கரத்தோடு மல்லுக்கட்டும் ஜாக்கி, அந்தத் துளியூண்டு ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ஊசி போடும் வேலை அண்ணிக்கு வந்து சேர்ந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம், கடையின் பின்னறையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதித் தட்டில் ஜாக்கியின் கை நின்றுவிட்டது.

"என்ன, உப்பு பத்தலையா?" என்றாள் அண்ணி.

"இல்ல அண்ணி... என்னமோ மாதிரி இருக்கு. கை போக மாட்டேங்குது."

அண்ணி தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஊசியில் அளவு தப்பிவிட்டதோ? கல்லீரல்தான் போய்விட்டதோ? "ஐயோ, நானே என் கையால கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கார் மூன்று சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, அண்ணன் இருவரையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தான்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சர்க்கரையைச் சோதித்தார். "வலிக்குதா? வாந்தி வருதா? மயக்கம்?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள் ஜாக்கி.

"அப்புறம் என்னதான் பண்ணுது?"

"பசிக்கல டாக்டர்."

"எப்போலேருந்து?"

"சாப்பிட்டதுலேருந்து."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். ஜாக்கியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஊசி வேலை செய்யுது. சாப்பிட்டா வயிறு நிறையும். அதான் இது."

ஜாக்கி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் அண்ணியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குமா அண்ணி? தினமுமா?"

"மூணு வேளையும்டி" என்று சொல்லும்போதே அண்ணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.